வேலை கடல் கடந்த செவ்வாய்க்கிழமை

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் மெழுகுதிரித் தட்டில் வலது கையை வைத்து, சூடு தாங்கும்வரை எடுக்காமல் வைத்திருந்து, செய்யப்படுகிற சத்தியம் இது: இனி வருவதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதுமில்லை. கதையில் கப்பல் வரும் இடத்தில் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்குப் பாயிஸ் நானாவின் தேத்தண்ணிக்கடை மொட்டைமாடியில் நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நேசமலர் பிறந்தது இளவாலையில். தொண்ணூற்றைந்தில் போரால் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவளும் நடந்தாள். நடந்து, இருந்து, மறுபடி நடந்து, கடைசியில் கொழும்பில் அந்தோனியார் கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் வந்து நின்றாள். அந்த ஒழுங்கையில் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கிளறன்ஸ் இருந்தான். அவனுக்கு மாக்ரெட் என்று ஒரு தாய் இருந்தாள். இருவருக்கும் நேசமலரைப் பிடித்துப்போயிற்று. கலியாணம் முடிந்தது. கப்பல் ஊதினால் சோற்றுக் கோப்பைக்குள் பருப்பு நடுங்குகிற வீடு அது.

பிறகு ஒருநாள் கிளறன்ஸின் இடுப்பில் கோதுமை மாவு மூட்டை விழுந்தது. அவன் எழும்பினான், ஆனால் மூட்டை தூக்குகிற ஆளாக எழும்பவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது நேசமலர் வைத்த கொலர்களால்.

ஒருகொடவத்தையில், கொன்டெய்னர் யார்டுகளுக்கு நடுவே, சட்டை தைக்கிற ஒரு கார்மென்ட். சட்டையின் உடம்பு ஒரு லைனிலிருந்து வரும், கை இன்னொரு லைனிலிருந்து வரும். அதுவரைக்கும் அது துணிதான். நேசமலர் கழுத்தில் கொலரை வைத்து ஒரு ஓட்டு ஓட்டினால்தான் சட்டையாகும். காலையில் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போவாள். பொழுதுபடத் தலைமயிரெல்லாம் நூல்தூசியோடு வருவாள். அவளுடைய மிஷின் போடுகிற டக டக சத்தம் எவ்வளவு ஒழுங்கு என்றால், சுவரிலிருந்த மணிக்கூடு பிந்தினால் அதைக் கேட்டுத்தான் திருத்துவார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால், உடைந்த துண்டு முழுவதையும் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும். கொடுக்கும்வரை புது ஊசி இல்லை, லைனும் நிற்கும். கொலருக்குள் ஒரு முனை ஒளிந்திருந்து, எங்கேயோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் கழுத்தில் குத்திவிட்டால் கார்மென்டின் கதை முடிந்தது. ஆகவே ஊசி உடைந்தால் பெண்களெல்லாம் காந்தத்தோடு நிலத்தில் தவழ்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே நேசமலர் கோயிலிலிருந்து அந்தோனியாரின் சின்ன மெடல் ஒன்றை மந்திரித்துக் கொண்டுவந்து தன் மிஷினின் கழுத்தில் நூலால் கட்டிவிட்டாள். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவர் அவர்தானே.

அதற்குப் பிறகு அந்த லைனில் ஊசிமுனை தொலைந்ததில்லை. கடுகளவு முனையும் வந்துவிடும். ஒருமுறை எங்கே தேடியும் கிடைக்கவில்லை; சுப்பர்வைசர் நோனா வத்தளையில் தன் வீட்டுக்குப் போய்க் கொண்டையை அவிழ்த்தபோது அதற்குள்ளிருந்து விழுந்தது. நோனா பௌத்தர். அடுத்த நாளிலிருந்து அவரும் மெடலைத் தொட்டுவிட்டுத்தான் மிஷின்களைப் போடச் சொன்னார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, சோளகக் காற்றும் மழையும் தொடங்கின காலம். சமாதானம் பெயரளவில் இருந்தது. சந்திக்குச் சந்தி மண்மூட்டைகள் திரும்பவும் முளைத்தன. ஒரு திங்கட்கிழமை நேசமலர் வேலைக்குப் போனபோது கேற் பூட்டியிருந்தது. இடுக்கால் பார்த்தாள். மிஷின்கள் நின்ற இடமெல்லாம் தரை சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"ஒக்கோம பங்களாதேஷ் கியா, நங்கி," என்றான் காவல்காரன். எல்லாம் போய்விட்டதாம். தன் வீட்டுச் சாமானைத் தானே அனுப்பிவைத்தவன்போல அவன் முகம் இருந்தது.

அந்த மிஷின்கள் நின்றதும் ஒருகொடவத்தையில் விழுந்த அமைதி லேசுப்பட்டதல்ல. அங்குள்ள காகங்கள் அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகியவை. அது நின்ற பிறகு எவ்வளவு சத்தமாகக் கத்துவதென்று தெரியாமல் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

நேசமலரின் கை மட்டும் நிற்கவில்லை. கதைக்கும்போதும், செபம் சொல்லும்போதும் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லாத துணியை மடித்து, இல்லாத ஊசிக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. காலையில் ரொட்டி தட்டினாள். கிளறன்ஸ் தட்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"மலர், ரொட்டிக்குக் கொலர் வச்சிருக்கே."

அவள் பார்த்தாள். வைத்துத்தான் இருந்தாள். விளிம்பு முழுவதும் ஒரே அளவு மடிப்பு.

"இன்னும் டை ஒண்ணுதான் கொறச்சல். கட்டிவிட்டா கந்தோருக்கு அனுப்பலாம்," என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொலரோடு சேர்த்துச் சாப்பிட்டான்.

"நீ கவலப்படாதே மகள்," என்றாள் மாக்ரெட். "ஊசிமுனைய தேடிக்குடுத்தவருக்கு ஒரு வேலைய தேடிக்குடுக்க ஏலாதா? நான் நேத்தி வைக்கப்போறேன்."

மாக்ரெட்டின் நேர்த்திகளைப் பற்றிக் கொச்சிக்கடையில் எல்லோருக்கும் தெரியும். கேட்டது கிடைக்கும்வரை ஒவ்வொரு செவ்வாயும் வெறுங்காலோடு போய்த் திரி கொளுத்துவாள். கிடைத்த பிறகு ஏழைகளுக்கு அந்தோனியார் பாண் கொடுப்பாள். அதன் கடைசித் துண்டும் ஒரு வயிற்றுக்குள் போனால்தான் நேர்த்தி தீர்ந்தது. நடுவில் நிற்பாட்டுகிற கதையே கிடையாது. அடுத்த செவ்வாய் வந்தது. மாக்ரெட் போய்த் திரி கொளுத்தி, போன வேலை திரும்பி வரவேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தாள்.

நேசமலருக்கு வேறொரு வழி தெரியவந்தது. லைனில் பக்கத்தில் இருந்த பேச்சியம்மா சொன்னாள்: பொரளையில், சவப்பெட்டிக் கடைக்கு மேல்மாடியில், ஒரு கந்தோர் இருக்கிறது; வேலை வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு அரசாங்கம் அங்கே உதவி கொடுக்கிறது. "நான் ஏறிப்போயி சட்டத்த கேட்டுட்டு எறங்கிட்டேங்க அக்கா. நமக்கு ஆகாது. நீங்க வேணுமின்னா கேட்டுப் பாருங்க."

நேசமலர் ஏறினாள். மேசைக்குப் பின்னால் கனகசபாபதி இருந்தார். வெள்ளவத்தையில் குடியிருக்கிறவர், நெற்றியில் மூன்று குறி, கதிரையின் கையில் கறுப்புக் குடை.

"வேலை போட்டுது எண்டு வந்திருக்கிறியள். எப்பிடிப் போனது?" என்று கேட்டார்.

"பூட்டிப்போட்டாங்கள் ஐயா."

"பூட்டினது காணாது தங்கச்சி. வேலை செத்தும் போகும், ஒளிச்சும் போகும். அதுகளுக்கு எங்களிட்டை ஒண்டும் இல்லை. கடல் கடந்து போயிருந்தால் மட்டும்தான் மாதாமாதம் உதவி."

"கடல் கடந்துதான் ஐயா போட்டுது. பங்களாதேசுக்கு. வோச்சர் சொன்னவர்."

"உங்கடை முதலாளி, வேலை செத்துப்போச்சுது எண்டெல்லோ சொல்லுறார். நான் ஆரை நம்புறது? உத்தியோகத்தர் தன்ரை கண்ணாலை காணவேணும். அதுதான் சட்டம்."

"எதைக் காணவேணும் ஐயா?"

"வேலை போறதை."

நேசமலர் கொஞ்சம் யோசித்தாள். கை மடியில் கொலர் வைத்துக்கொண்டிருந்தது. "எவ்வளவு தூரம் போகவேணும்?"

"கண்ணுக்குத் தெரியாமல் போகுமட்டும். தெரியிற தூரத்திலை நிண்டால் அது உள்நாட்டு வேலை."

"இதுவரைக்கும் ஆரும் உதவி எடுத்திருக்கினமோ ஐயா?"

கனகசபாபதி பெருமூச்சு விட்டார். "ஒரு பிள்ளையின்ரை வேலை பிளேனிலை போனது. நான் கட்டுநாயக்காவிலை பஸ்ஸாலை இறங்கி, குடையை விரிச்சு, மடக்கி அண்ணாந்து பார்க்கிறன், ஒண்டையும் காணேல்லை. போனதைக் கண்டால்தானே போட்டுது எண்டு சொல்லலாம்? அந்தப் பிள்ளை அழுதது. நானும் கொஞ்சம்." அவர் குடையை எடுத்து மடியில் வைத்தார். "உங்கடை வேலை எந்தக் கப்பலிலை, எப்ப போகுது எண்டு சொல்லுங்கோ. நான் வாறன்."

கப்பலைக் கண்டுபிடிப்பது கிளறன்ஸின் வேலையாயிற்று. அவனோடு முன்பு வேலை செய்த றேமண்ட் இன்னும் துறைமுகத்தில் கிரேனில்தான் இருந்தான். சனிக்கிழமை பின்னேரம் கருவாட்டுப் பொரியலை மென்றுகொண்டு வந்து வாசலில் குந்தினான்.

"ஒன் பொஞ்சாதிட சாமானெல்லாம் நாலு கொன்டெய்னர்ல இருக்கு மச்சான். நாலும் செவப்பு. நீலக் கப்பல்ல முன்னுக்கு, மேல் தட்டுல. நான்தான் ஏத்தினேன். செவ்வாக்கெழம பின்னேரம் போகுது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு மட்டும் சத்தம் போடுது. டக டகண்டு. உள்ளுக்கு யாரோ தைக்கிற மாதிரி. நான் பெட்டிட சீல ஒடச்சுப் பாக்கவா ஏலும்? குருசு போட்டுட்டு வச்சிட்டேன்."

உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த நேசமலர் பானையைக் கீழே வைத்தாள். மெடல். மிஷினின் கழுத்தில் கட்டின மெடலை யாரும் அவிழ்க்கவில்லை. அவளை உள்ளே விட்டிருந்தால் அல்லவா அவிழ்த்திருப்பாள்.

போர்க்காலத்தில் கொழும்புத் துறைமுகத்தைப் பார்ப்பது குற்றம். தற்செயலாகக் கண்ணில் படலாம், நின்று பார்க்கக்கூடாது. கையை நீட்டினால் ஜீப் வரும். செவ்வாய்க்கிழமை கனகசபாபதி இரண்டு காவலரண்களில் குடையை விரித்துக் காட்டி, மதியச் சாப்பாட்டைத் திறந்து காட்டி, மழையில் நனைந்து வந்து சேர்ந்தார். பாயிஸ் நானா அவரை மூன்று மாடி ஏற்றிக் கொண்டுபோய் மொட்டைமாடியில் விட்டு, கையில் ஈரச் சாரம் ஒன்றைக் கொடுத்தார்.

"சேர், இங்க நிண்டு கடல பாக்க ஏலா. உடுப்புக் காயப்போடலாம். காயப்போடக்கொள்ள கண்ணுக்கு முன்னால கடல் ஈந்தா, அது எங்கட குத்தமில்ல."

கனகசபாபதி சாரத்தைக் கொடியில் போட்டார். நேசமலர் ஒரு போர்வையைப் போட்டாள். கீழே காவலரணிலிருந்த கடற்படைக்காரன் அண்ணாந்து பார்த்து, இந்த மழையில் என்ன காயப்போடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கத்தினான். வெயில் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் மாத்தயா என்று பாயிஸ் நானா சிங்களத்திலேயே பதில் சொன்னார். அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, அவன் திரும்பிக்கொண்டான்.

பண்டகசாலைக் கூரைகளுக்கு மேலால் நீலக் கப்பல் அசைந்தது. முதலில் கப்பல் போவதுபோலத் தெரியவில்லை. கொச்சிக்கடைதான் பின்னுக்கு நகர்வதுபோல் இருந்தது. மேல் தட்டில் நாலு சிவப்புப் பெட்டிகள். அலைவாய்ச் சுவரைக் கடந்தது. சோளகக் கடல் அதைத் தூக்கித் தூக்கி வைத்தது. தீப்பெட்டி அளவானது. அகல் விளக்கின் சுடர் அளவானது.

கனகசபாபதி துணிக்கவ்வியை வாயிலிருந்து எடுத்து, "திருப்..." என்று தொடங்கினார். திருப்தி என்றுதான் சொல்ல வந்தார். அது கந்தோர்ச் சொல். அதைச் சொன்னால் உதவி கிடைத்த மாதிரி.

அந்நேரம் கீழே கோயிலில் செவ்வாய்ப் பூசைக்கு மணி அடித்தது. கோயிலுக்குள் மாக்ரெட் தன் திரியைக் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

சுடர் அளவாயிருந்த கப்பல் தீப்பெட்டி அளவானது.

"தங்கச்சி, அந்தக் கப்பல் முதுகு காட்டுதோ, முகம் காட்டுதோ?"

"முகம் ஐயா," என்றாள் நேசமலர். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னாள்.

காற்றைக் கிழித்து, மழையைக் கிழித்து அது வந்தது. பாயிஸ் நானாவின் கண்ணாடி அலுமாரிக்குள் பனிஸ் தட்டுகள் கிலுகிலுத்தன. தெருவில் மீன் விற்றவன் கூவலை நடுவில் விட்டான். கடற்படைக்காரனே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கப்பல் அவ்வளவு பெரிதென்று போகும்போது ஒருவருக்கும் தெரியவில்லை, வரும்போதுதான் தெரிந்தது. நேசமலர் கொடியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வாழ்க்கையில் பெரிதாக வந்தவை எல்லாவற்றையும் கண்டு அவள் ஓடித்தான் பழக்கம். இது ஒன்றுதான் அவளைத் தேடி வந்தது. பயப்படவேண்டிய இடத்தில், உயிர்ப்புப் பெருநாள் இரவில் கோயிலில் திரை விலகும்போது வருமே, அப்படி ஒரு சந்தோசம் வந்தது.

"வேலை திரும்பி வந்திட்டுது தங்கச்சி," என்றார் கனகசபாபதி, துக்கம் விசாரிக்கிற குரலில். "இனி அது உள்நாட்டு வேலை. உதவி இல்லை."

"கேற் பூட்டியெல்லோ ஐயா கிடக்குது! வேலையும் இல்லை."

"ஓம். அதுவும் விளங்குது. அடுத்த முறை வெளிக்கிட்டால் சொல்லுங்கோ."

என்ன நடந்ததென்று றேமண்ட் வந்து சொன்னான். கப்பலில் ஒரு பிழையும் இல்லை. கப்டன் சுக்கானைத் திருப்பவில்லை. கப்பல் தானாகத் திரும்பியது. எஞ்சின்காரர்கள் கழற்றிப் பார்த்துப் பூட்டினார்கள். அடுத்த செவ்வாய் மறுபடி போனது. மறுபடி மணி அடித்தது; மறுபடி திரும்பி வந்தது. இம்முறை கூடக்கொஞ்சம் வேகமாக, வழி பழகின மாடுபோல.

அன்றைக்கு வீட்டில் பலாக்கொட்டைக் கறி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை.

"மாமி, நேர்த்தியை விடுங்கோ," என்றாள் நேசமலர். "நீங்கள் திரி கொளுத்தக் கொளுத்த அது திரும்பி வருகுது. திரும்பி வந்தால் எனக்கு உதவி இல்லை."

"நல்லாயிருக்கே கத! வேல போயிட்டேண்டு நீதானே அழுதே? வரட்டுமிண்டு கேட்டேன். வருது. இப்ப வராதேண்டு சொல்றதா? அவரென்ன ஒன் வூட்டு வேலக்காரனா?"

"வாறது மிஷின் மட்டும் மாமி. வேலை வரேல்லை."

"அத நீ தெளிவா சொல்லியிருக்கணும். மெடலையும் அதுல கட்டிவச்சிருக்கே. அவர் எத பாத்து இழுப்பார்? மெடலத்தான் பாத்து இழுப்பார்."

"அம்மா சொல்றதும் சரிதான்," என்றான் கிளறன்ஸ். "கப்பல இழுக்கிறது லேசா? நான் ஒரு மூட்டைய தூக்கியே இந்த இடுப்பு. அவருக்கு வயசு எத்தன நூறு?"

"நீ வாய மூடு. நேத்திய நடுவுல வுட்டா குடும்பத்துக்கே ஆகாது. நான் விடமாட்டேன்."

மாக்ரெட் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிடிவாதத்தில் அழுகிறாளா, பயத்தில் அழுகிறாளா என்று தெரியவில்லை. நேசமலர் அரிசியில் கல் பொறுக்கினாள். அடுத்த மாத அரிசிக்கு வழி இல்லை. இந்த அரிசியும் சுளகின் அடிக்கு வந்துவிட்டது. அவள் கை பொறுக்கிப் பொறுக்கி, மடித்து மடித்துத் தள்ளியது. ஊசி உடைந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. முனை கிடைத்ததும் என்ன செய்வார்கள்? தேடுவதை நிற்பாட்டி, அந்தோனியாருக்கு நன்றி சொல்லி, முனையைக் கையளித்துவிடுவார்கள். கையளித்த பிறகு அது அவர்களுடையது இல்லை.

"மாமி," என்றாள் மெதுவாக, "நீங்கள் கேட்டது என்ன? போன வேலை திரும்பி வரவேணும் எண்டுதானே?"

"ஓம்."

"வந்தது. எல்லாரும் கண்டது. அப்ப அவர் தந்திட்டார். நாங்கள்தான் இன்னும் பாண் குடுக்கேல்லை. நேர்த்தியைத் தீர்க்காமல் இருக்கிறது அவரில்லை மாமி, நாங்கள்."

கிளறன்ஸ் சிரித்துவிட்டான். "அம்மா, கடன்காரி நீங்கதான்! அந்தக் கெழவன் கப்பலப் புடிச்சுக்கிட்டு நிக்கிறார், நன்றி சொல்ல ஆளில்லாம."

மூன்றாம் செவ்வாய் பாயிஸ் நானா பாண் சுடுகிற போறணையை விடியலிலேயே மூட்டினார். சல்லியைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்தோனியார்ட கணக்க நான் அவரோட பேசிக்கொள்ளுவன்," என்று சொல்லிவிட்டார். கோயில் வாசலிலும் ஒழுங்கையிலும் பாண் போனது. துறைமுகக் கூலிகள் சாப்பிட்டார்கள். பேச்சியம்மா சாப்பிட்டாள். சுப்பர்வைசர் நோனா வத்தளையிலிருந்து வந்து, மெடலுக்கு என்று சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். கடற்படைக்காரன் சுற்றிவரப் பார்த்துவிட்டு ஒரு துண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டான். மாக்ரெட் இந்த முறை திரி கொளுத்தவில்லை. பாண் கூடையோடு படியேறி மொட்டைமாடிக்கே வந்துவிட்டாள்.

நீலக் கப்பல் வெளிக்கிட்டது. அலைவாயைக் கடந்தது. தீப்பெட்டி, சுடர். மணி அடித்தது. மொட்டைமாடியில் எல்லோரும் கொடியைப் பிடித்தார்கள். கப்பல் திரும்பவில்லை. போகவுமில்லை. கடலின் விளிம்பில் முகமும் காட்டாமல் முதுகும் காட்டாமல் பக்கவாட்டில் நின்றது.

"ஏன் நிக்குது?" என்றான் கிளறன்ஸ்.

மாக்ரெட் கூடைக்குள் பார்த்தாள். ஒரு துண்டுப் பாண் இருந்தது. சுற்றிவரப் பார்த்தாள். எல்லோரும் சாப்பிட்டாயிற்று, ஒருவர் கை இரண்டாம் முறை நீளக்கூடாது. தன் வீட்டாரை விட்டால், சாப்பிடாமல் நின்றவர் கனகசபாபதி மட்டும். அவர் கையில் துண்டை வைத்தாள்.

"இதச் சாப்பிடுங்க சேர். இது உள்ளுக்குப் போனாத்தான் அது வெளிய போகும்."

கனகசபாபதி துண்டைப் பார்த்தார். மதியம் அவர் சாப்பிட்டிருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. "ஏலாது அம்மா. உதவி கேக்கிற ஆக்களிட்டை உத்தியோகத்தர் ஒரு தேத்தண்ணியும் வாங்கக்கூடாது. நான் இதைச் சாப்பிட்டால் இவவின்ரை கேஸ் அந்த நிமிசமே தள்ளுபடி."

"சாப்பிடாட்டி?"

"சாப்பிடாட்டிக் கப்பல் போகாது. அப்பவும் தள்ளுபடி."

தூரத்தில் கப்பல் ஊதியது. கேட்கிறதுபோல் இருந்தது அந்த ஊதல். போகவா, வரவா என்று. கொடியில் கிடந்த சாரங்களெல்லாம் காற்றில்லாமல் ஒருபக்கமாய் உயர்ந்து நின்றன. கனகசபாபதி பாணை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இது ஆருக்குரிய பாண்?" என்று கேட்டார்.

"ஏழைகளுக்கு," என்றாள் மாக்ரெட்.

"நேர்த்தி வைச்ச ஆள் சாப்பிடலாமோ?"

"நான் சாப்பிடக்கூடாது."

"இவ?"

மாக்ரெட் மருமகளைப் பார்த்தாள். "ஏழையெண்டா சாப்பிடலாம்."

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அவருடைய கந்தோரில் நேசமலர் இன்னும் ஒன்றும் இழக்காதவள். அவளை இல்லாதவள் என்று ஏற்றுக்கொள்வதற்குத்தான் அவர் இவ்வளவு நாளும் ஈரச் சாரம் காயப்போட்டார்.

அவர் குடையைக் கீழே வைத்தார். பாண் துண்டை இரண்டு கையாலும் ஏந்தி நேசமலரிடம் நீட்டினார்.

"உத்தியோகத்தர் எண்ட முறையிலை தாறன் தங்கச்சி. வாங்குங்கோ."

நேசமலர் வாங்கினாள். இளவாலையிலிருந்து நடந்த வழியெல்லாம் நிவாரணம் என்று எத்தனையோ கை நீண்டிருக்கிறது. ஒரு கையும் இப்படி இரண்டு கையாக வந்ததில்லை. துண்டை வாயில் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. மெல்லும்போது கப்பலைப் பார்த்தாள். மேல் தட்டில் ஒரு சிவப்புப் பெட்டிக்குள், தன் கை வளைவுக்குத் தேய்ந்த ஒரு மிஷின், கழுத்தில் மெடலோடு, அவள் ஒரு சொல் சொல்லட்டும் என்று நிற்கிறது. அது அவளுக்கு நிச்சயமாய்த் தெரிந்தது. அங்கே பங்களாதேஷில், சிற்றகொங்கில் வேறொருத்தி அதற்கு முன்னால் வந்து இருப்பாள். அவளுக்கும் ஊசி உடையும். தவழ்ந்து தேடுவாள். மெடல் அங்கே இருப்பது நல்லதுதான்.

வெளிக்கிடுகிறவர்களைப் பார்த்து அவர்கள் வீட்டில் ஒருநாளும் வெறுமனே போ என்று சொன்னதில்லை. நேசமலர் விழுங்கினாள்.

"போ," என்றாள்.

மழை அந்த இடத்தில் மட்டும் விட்டது. மேகத்துக்குக் கீழால் பின்னேர வெயில் ஒன்று கடல்மேல் விழுந்து, கொச்சிக்கடைக் கரையிலிருந்து கப்பல்வரைக்கும் ஒரு நேர்கோடு போட்டது. கோணல் இல்லாத கோடு. நல்ல கையொன்று ஓட்டின தையல்போல. அந்தக் கோட்டிலே கப்பல் முதுகைத் திருப்பியது. மூன்று மாடிக்குக் கீழே தெருவில் நின்ற சனமெல்லாம் தலையிலிருந்து தொப்பியை, துவாயை எடுத்தது. பாயிஸ் நானா என்னவோ முணுமுணுத்தார். கனகசபாபதி கை கூப்பினார். சுடர் அளவான கப்பல் பொறி அளவாகி, ஊசிமுனை அளவாகி, அதன்பிறகு கடல் மட்டும் இருந்தது.

நேசமலர் தன் கையைப் பார்த்தாள். விரல்கள் நின்றிருந்தன.

"திருப்தி," என்றார் கனகசபாபதி. குடையைக் கையில் எடுத்தார். "மாதாமாதம் முதலாந் திகதி வாங்கோ தங்கச்சி. படி கொஞ்சம் செங்குத்து, பிடிச்சு ஏறுங்கோ." பிறகு கொடியைப் பார்த்து, "இந்தச் சாரம் காய்ஞ்சிட்டுது," என்றார்.

உண்மையில் எல்லாமே காய்ந்திருந்தன.

முதலாந் திகதி நேசமலர் பொரளைக்குப் போனாள். கொடுத்தார்கள். வரும் வழியில் அரிசி வாங்கினாள். அன்றைக்குத் தட்டின ரொட்டி ரொட்டியாகவே இருந்தது. கிளறன்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொலர் இல்லாமல் ருசி போதாது என்றான்.

சத்தியம் செய்த கை இன்னும் சுடுகிறபடியால் இதையும் சொல்லவேண்டும்: வேலை கடல் கடந்து போனவர்களுக்கு உதவி கொடுக்கிற கந்தோர் ஒன்று இலங்கையில் ஒருநாளும் இருந்ததில்லை.